பாழான கிராமங்கள் மீண்டும் குடியேறிய வரலாறு

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையிலுள்ள டச்சுக் கோட்டையைக் காண்போர் அழிந்துபோன வர்த்தகத்தை நினைத்து வருந்துவர். அதற்கு மேற்கே பரந்துள்ள செங்கற்பட்டுச் சீமையின் பயிர்த்தொழிற் கிராமங்களும் ஒரு காலத்தில் ஏறக்குறையப் பாழாயின என்பதைப் பலர் அறியார். அவ்வரலாறு கிராமவாசிகள் அனைவரும் அறியத்தக்கது.

1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி இச்சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் எஞ்சினீயர் இங்குள்ள சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். நிலம், ஏரி, வீடு ஆகியவற்றுடன், களத்து நெல்லில் தச்சன், கொல்லன், வெட்டியான் முதலியோர்க்குரிய பங்கும் அக்கணக்குகளில் காணப்படுகின்றது. பலர் கூடி உழைத்ததனாலேயே ஊர் நடந்தது என்பது இதனால் விளங்கும்.

1780இல் ஹைதர் அலியின் படை இச்சீமையில் புகுந்தது. 1784இல் சமாதானம் ஏற்படும் வரையில் யுத்தமும் க்ஷாமமும் குடிகளை வாட்டின. மாண்டவர் போக எஞ்சியோர் பல திசைகளிலும் சிதறினர். பல ஊர்களில் இடிந்த சுவர்களே மிஞ்சின.

யுத்தம் நின்ற பின்பும் அவ்வூர்கள் உடனே தழைக்கவில்லை. காரணம் யாது? இச்சீமையின் சாகுபடி பெரும்பாலும் ஏரி நீரை நம்பியது. ஆளில்லாத ஊரில் உடைந்த கரையை அடைப்பாரில்லை, வரத்துக்கால் தூர்ந்துவிடும், மதகு பழுதாகும். நீரின்றேல் பயிரில்லை, பயிரின்றேல் திரும்பி வந்த குடியும் நிலைப்பதில்லை.

1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் இதனை உணர்ந்து, ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் முனைந்தார். மதுராந்தகத்து 'ஏரி காத்த ராமர்' கதையில் அவர் பெயர் இன்றும் வழங்குகின்றது. ஊரார் ஒன்றுசேர்ந்து தீர்வையை ஒப்புக்கொள்ளும் முறையையும் அவர் கைக்கொண்டார். இணங்காத மிராசுதார் சிலரின் காணியைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஆயினும் ஒரு குறை நின்றது. சேற்றில் இறங்கி உழுத பண்ணையாட்களுக்குக் காணி கிடைக்கவில்லை. திரெமென்ஹீர் என்னும் செங்கற்பட்டுக் கலெக்டரின் அறிக்கையின்மேல், தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும்படி சர்க்கார் உத்தரவிட்டது 1892இல்தான். பிளேஸ் பதவி விட்டு ஏறக்குறைய நூறாண்டு கழிந்திருந்தது.

ஆகவே, ஊரைக் காக்க விரும்புவோர் இரண்டினை மறத்தலாகாது. ஒன்று, மழைக்கு முன்னரே அனைவரும் கூடி ஏரியைச் செப்பனிடல். மற்றொன்று, அதற்கு மண் சுமப்பவனுக்கும் அவ்வூரில் நிலையான ஒரு பங்கு அளித்தல். பங்கில்லாதவன் பஞ்சம் வந்தபோது ஊரை விட்டகன்றால், அது அவன் குற்றமன்று.