விளையாட்டுப் பொறியும் விளையாடாதாரும்

ஜப்பான் நாட்டின் பழந்தலைநகராகிய கியோத்தோவில், 1889ஆம் ஆண்டில், பூசாஜிரோ யாமவுச்சி என்பார் மலர் ஓவியம் பொறித்த சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். அச்சிறு தொழிலகமே பின்னர் நின்டெண்டோ என உலகறிந்த நிறுவனமாக வளர்ந்தது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பொறிகளை ஆக்குவதில் அது நெடுங்காலம் முன்னின்றது. ஆயினும், 2001ஆம் ஆண்டில் அது வெளியிட்ட கேம்கியூப் என்னும் பொறி 2 கோடியே 17 இலட்சம் அளவிலேயே விலைபோயிற்று. சோனி நிறுவனத்தாரின் பிளேஸ்டேஷன் 2 என்பதோ 15 கோடிக்கு மேல் விற்றது. பெருஞ்செல்வம் படைத்த மைக்ரோசாப்ட் நிறுவனமும் அப்போது போட்டியில் புகுந்தது. இவ்விருவரோடும் பொறியின் ஆற்றலைப் பெருக்கும் ஓட்டத்தில் ஈடுகொடுத்தல் அரிதாயிற்று.

2002ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் தலைவரான சத்தோரு இவாட்டா வேறு வழியை நாடினார். ஆடுவோரைப் பங்கிட்டுக்கொள்வதில் பிறர் முனைந்திருக்க, ஆடாதார் ஏன் ஆடவில்லை என்பதை அவர் ஆராயலானார்.

விடை கைக்கருவியில் இருந்தது. அந்நிறுவனம் 1983இல் வெளியிட்ட பொறியின் கைக்கருவியில், திசை காட்டச் சிலுவை வடிவான விசை ஒன்றும், ஆட்டத்திற்கென இரண்டு பொத்தான்களுமே முதன்மையாக இருந்தன. இருபது ஆண்டுகளுக்குள் பொத்தான்கள் பத்துக்கு மேற்பட்டன. அவற்றோடு சாய்த்து இயக்கும் தண்டுகளும் சேர்ந்தன. படிப்படியாகப் பழகிய இளைஞர்க்கு இஃது இடராகத் தோன்றவில்லை. அவர்தம் தாயோ பாட்டனோ அதனைக் கையில் ஏந்தினால், எதனை அழுத்துவது என்றறியாது மயங்கி, நாணத்தோடு திருப்பித் தந்துவிடுவர். ஆற்றலின்மையன்று, அந்நாணமே அவர்களை விலக்கி நிறுத்தியது எனலாம்.

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வீ என்னும் புதிய பொறி வெளிவந்தது. அதன் கைக்கருவி, தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கும் ரிமோட்டைப் போன்றதே. அஞ்சத்தக்கது ஒன்றும் அதன்பால் இல்லை. அசைவை உணரும் நுண்கருவி அதனுள் அமைந்திருந்தமையால், மட்டையை வீசுவதுபோல் கையை வீசினால் திரையில் பந்து பறக்கும். அமெரிக்காவில் டென்னிசு, குத்துச்சண்டை, பந்துருட்டல் முதலிய ஐந்து ஆட்டங்கள் பொறியோடு சேர்த்தே தரப்பட்டன. விலை ஏறத்தாழ 250 டாலர். அதே மாதத்தில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3இன் விலையோ 500 டாலரும் 600 டாலரும். படத்தின் தெளிவில் வீ பிற்பட்டதே. எனினும் பாட்டனார் படத்தின் தெளிவையா கேட்டார்? முதியோர் இல்லங்களிலும் பந்துருட்டும் போட்டிகள் நிகழ்ந்தன. ஆர்வமிகுதியால் கைக்கருவியை நழுவவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பழுதாக்கியவரும் உண்டு. அதனால், மணிக்கட்டில் மாட்டும் வாரினை நிறுவனம் வலுவுள்ளதாக மாற்றித் தர நேர்ந்தது!

வீ 10 கோடிக்கு மேல் விற்றது. எதிரிகள் வாளாவிருப்பரோ? 2010ஆம் ஆண்டில் சோனி, அசைவுணரும் கோலொன்றை வெளியிட்டது. மைக்ரோசாப்டோ, கையில் ஒன்றுமின்றி உடலசைவாலேயே ஆடும் கினெக்ட் என்னும் கருவியைத் தந்தது. அது 60 நாட்களில் 80 இலட்சம் விலைபோயிற்று.

இவர்கள் இவ்வாறு பொருதுகொண்டிருக்க, பொருட்படுத்தப்படாத வேறொரு கருவி மக்களின் சட்டைப்பையில் குடிபுகுந்தது. 2007இல் வந்த ஐபோனும், 2008இல் திறக்கப்பட்ட அதன் செயலிக் கடையும் விரலால் தொட்டு ஆடும் ஆட்டங்களை மிகக் குறைந்த விலைக்கும் விலையின்றியும் வழங்கின. பொழுதுபோக்காக ஆடுவோர்க்குப் பொறியின்மீது தனிப் பற்றில்லை. எளிமை நாடி வந்தவர், அதனினும் எளியது கிடைத்தவுடன் அதன்பாற் சென்றனர். 2011இல் நின்டெண்டோ தன் கையடக்கப் பொறியொன்றின் விலையை வெளியிட்ட ஆறு திங்களுக்குள் குறைக்க நேர்ந்தது. இவாட்டா தம் ஊதியத்திற் பாதியைத் துறந்தார். 2012இல் வந்த வீ யூ, 1 கோடியே 35 இலட்சம் அளவோடு நின்றது. மைக்ரோசாப்ட் 2013இல் கினெக்டைத் தன் புதிய பொறியோடு பிணைத்து 500 டாலருக்கு விற்க முயன்றது. சோனியின் பொறி 400 டாலருக்கே கிடைக்கவே, மறு ஆண்டில் அப்பிணைப்பை அவிழ்த்தது.

இவாட்டா 2015ஆம் ஆண்டு சூலையில் மறைந்தார். 2017ஆம் ஆண்டு மார்ச்சில் நின்டெண்டோ வெளியிட்ட ஸ்விட்ச் என்னும் பொறி, வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்தும், வெளியே கையில் ஏந்தியும் ஆடத்தக்கது. 15 கோடிக்கு மேல் விற்றுள்ளது. அதன் இருபுறமும் உள்ள கைக்கருவிகளைத் தனித்தனியே கழற்றலாம். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றொன்றை அருகிருப்பவரிடம் நீட்டினால், அவரும் அப்பொழுதே ஆட்டத்திற் கலந்துகொள்ளலாம்.