‘சங்கரன்கோவில்’ எத்தனை பைட்?

ஆடித்தபசுக்குச் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்போடு வந்து நின்றான். விசைத்தறிச் சேலைகளுக்கு ஸ்டாக் ஆப் எழுதியிருக்கிறான். நூறு வரி ஏற்றினால் போகிறது. 5,000 வரி என்றால் எரர். “டேட்டாபேஸ் படுத்திருச்சுண்ணே!”

படுக்கவில்லை. அவன் அனுப்பிய மூட்டை டேட்டாபேஸ் வாசலுக்கே போய்ச் சேரவில்லை.

முதலில் எரர் எண்ணைப் பாருங்கள். 413 என்றால் அனுப்பிய சரக்கு பெரிது. 414 என்றால் யூஆர்எல் நீளம். அடுத்து, வழிமறித்தது யார்? என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி. எக்ஸ்பிரஸில் ஜேசனுக்கு வெறும் 100 கேபி. மைஎஸ்கியூஎல் 8-ல் ஒரு பாக்கெட்டுக்கு 64 எம்பி. அதைத் தாண்டினால் 1153 என்ற எண் வரும். தம்பியின் திரையில் ‘ஜேசன் படிக்க முடியவில்லை’ என்றிருந்தது, ஆப் லாகில் ஒரு வரிகூட இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது: என்ஜின்எக்ஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பி, பதிலுக்கு ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை நீட்டியிருக்கிறது.

“டெஸ்ட் பண்ணும்போது 5,000 வரியும் போச்சே?” என்றான். டெஸ்டில் ஊர், கடைப் பெயரெல்லாம் இங்கிலீஷ். அதில் நம்ம ஊர்ப் பெயர் 13 எழுத்து, 13 பைட். தமிழில் புள்ளி, கொம்பெல்லாம் சேர்த்து அதே 13 குறியீடுதான். ஆனால் யூடிஎஃப்-8-ல் குறியீட்டுக்கு 3 பைட், ஆக 39. யூஆர்எல்லில் போட்டால் 117 எழுத்தாக வீங்கும். அதனால் தமிழில் தேடும் நீளமான பட்டியலை கெட்டில் அனுப்பாதீர்கள், போஸ்ட்டில் அனுப்புங்கள்.

லிமிட்டை 100 எம்பி ஆக்கச் சொல்லி சர்வர்காரரிடம் போய் நிற்பது கடைசி வழி. அதே மூட்டையைத் திரும்பத் திரும்ப அனுப்புவது வழியே இல்லை. வெட்டி அனுப்புங்கள், வரியை எண்ணாமல் பைட்டை எண்ணி. மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் சோஹோவின் சிஆர்எம் ஏபிஐகூட ஒரு தடவைக்கு 100 ரெக்கார்டுதான் வாங்கும். வெட்டும்போது ஒவ்வொரு வரிக்கும் தனி ஐடி கொடுத்து, ‘இருந்தால் திருத்து, இல்லையென்றால் சேர்’ என்று எழுதுங்கள். ஆபீஸில் டிக்கெட் போடும்போது எத்தனை பைட், எந்த எண், எந்த லாக் என்ற மூன்றையும் எழுதுங்கள். ‘ஏபிஐ வேலை செய்யவில்லை’ என்று வரும் டிக்கெட்டைப் பார்த்தாலே எனக்குத் தலைவலி வரும்.

தம்பி 200 கேபிக்கு மிகாமல் வெட்டினான். மூன்றாவது மூட்டையில் நெட் போனது. திரும்ப அனுப்பினான், ஒரு சேலைகூட இரண்டு தடவை ஏறவில்லை.