சுவருக்கு அப்பால்

நுழையும்முன்

கடல் கடந்து வாழச் செல்வோர் மொழியையும் தொழிலையும் கற்றுக்கொண்டு செல்கின்றனர். அடுத்த வீட்டைக் கற்றுக்கொண்டு செல்வதில்லை. ஒரே சுவரின் இருபுறமும் வெவ்வேறு பண்பாட்டினர் வாழும்போது, ஒருவரின் விழா மற்றவருக்கு இரைச்சலாகிவிடுகிறது. அயலகத்தில் அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ விதிகள் மட்டும் போதுமா? மூன்று நாடுகளின் பட்டறிவைக் கொண்டு இப்பாடம் விடை தேடுகிறது.

ஒலி எப்போது இரைச்சலாகிறது?

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் அளக்கலாம். ஆனால், இரைச்சலைக் கருவியால் மட்டும் அளந்துவிட இயலாது. விடியற்காலையில் ஒலிக்கும் நாகசுரம் நமக்கு மங்கலம். இரவுப்பணி முடித்து உறங்கச் சென்றவருக்கு அதுவே துன்பம். ஒலியின் பொருளை அறிந்தவர் பொறுத்துக்கொள்கிறார். அறியாதவர் சினம் கொள்கிறார்.

அடுக்ககங்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. பேச்சும் இசையும் பெரும்பாலும் காற்றின் வழியே பரவுகின்றன. கதவையும் சன்னலையும் அடைத்தால் அவை குறையும். காலடியின் அதிர்வும் நாற்காலியை இழுக்கும் ஓசையும் தளத்தின் வழியே பரவிக் கீழ்வீட்டின் கூரையில் ஒலிக்கின்றன. மேல்வீட்டார் அதனை உணர்வதே இல்லை. விடியலில் மாவரைப்பவர் தம் வேலையைச் செய்வதாகவே எண்ணுகிறார். கீழ்வீட்டாரோ தம்மை வேண்டுமென்றே துன்புறுத்துவதாக எண்ணுகிறார். பல பூசல்களுக்குப் பகையைவிட அறியாமையே காரணம் என்பதை இதனால் உணரலாம்.

எழுதப்பட்ட அமைதி

ஜெர்மனியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரமாகப் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமையை அந்நாட்டின் அரசமைப்புச் சட்டமே ஓய்வு நாளாகப் பாதுகாக்கிறது. அன்று சுவரில் துளையிடுவதையும் இயந்திரத்தால் புல் வெட்டுவதையும் மக்கள் தவிர்க்கின்றனர். வெற்றுக் கண்ணாடிப் புட்டிகளைச் சேகரிப்புத் தொட்டியில் இடுவதற்குக்கூட மறுநாள்வரை காத்திருக்கின்றனர். நம் ஊரில் ஞாயிறு என்பது வாரமெல்லாம் தேங்கிய வீட்டு வேலைகளை முடிக்கும் நாள். அப்பழக்கத்தோடு அங்குக் குடியேறுவோர் முதல் வாரத்திலேயே அண்டை வீட்டாரின் மனத்தாங்கலுக்கு ஆளாக நேரிடும்.

எனினும், எல்லா ஒலிகளையும் அச்சட்டம் ஒன்றாகக் கருதவில்லை. குழந்தைகள் காப்பகங்களிலிருந்தும் விளையாட்டுத் திடல்களிலிருந்தும் எழும் குழந்தைகளின் ஒலியைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கொள்ளலாகாது என 2011ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது.

> தெரிந்து தெளிவோம்
> இரவில் வீட்டிற்கு வெளியே நிலவும் சராசரி ஒலியளவு 40 டெசிபலைத் தாண்டாதிருப்பது நலம் என ஐரோப்பிய நாடுகளுக்கான வழிகாட்டுதலில் உலக நலவாழ்வு அமைப்பு 2009ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

முந்திச் சொல்லும் வணக்கம்

ஜப்பானில் புதிதாகக் குடியேறுபவர் துண்டு, இனிப்பு போன்ற சிறு பரிசுடன் அண்டை வீடுகளுக்குச் சென்று தம்மை அறிமுகம் செய்துகொள்வது மரபு. அடுக்ககமாயின் இருபக்கத்து வீடுகளோடு மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் செல்வர். பெருநகரங்களில் இம்மரபு இன்று குறைந்து வருகிறது. எனினும், அதன் நுட்பம் எண்ணத்தக்கது. குறை எழுந்தபின் முதன்முதலாகச் சந்திப்போர் எதிரிகளாகச் சந்திக்கின்றனர். அதற்கு முன்பே அறிமுகமானோர் அண்டை வீட்டாராகப் பேசுகின்றனர்.

கலந்து வாழும் கலை

சீனர், மலாய்க்காரர், தமிழர் உள்ளிட்ட இந்தியர் எனப் பல இனத்தார் வாழும் நாடு சிங்கப்பூர். அரசு கட்டிய அடுக்ககங்களில் ஓரினத்தார் மட்டும் குவிந்துவிடாதவாறு 1989ஆம் ஆண்டு முதல் இனவாரி வரம்பு நடைமுறையில் உள்ளது. ஆகவே, ஒரே கட்டடத்தின் தரைத்தள வெளியில் ஒருநாள் மலாய்த் திருமணமும் மற்றொருநாள் சீன இறுதிச் சடங்கும் நிகழ்வதுண்டு. 1970களில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. தொழுகை அழைப்பு வானொலி வழியே வீடுகளைச் சென்றடைந்தது. மரபும் நிலைத்தது, அண்டை வீட்டாரின் அமைதியும் காக்கப்பட்டது.

அண்டை வீட்டார் பூசல்களைப் பேசித் தீர்ப்பதற்கென 1998ஆம் ஆண்டில் அங்குச் சமரச நிலையம் தொடங்கப்பட்டது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம், அடுத்த வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் குழம்பின் மணத்தைத் தாங்க இயலவில்லை என அந்நிலையத்தில் முறையிட்டது. அக்குடும்பத்தார் வீட்டில் இல்லாத வேளையில் குழம்பு வைப்பதென இந்தியக் குடும்பம் ஒப்புக்கொண்டது; அக்குழம்பை ஒருமுறை சுவைத்துப் பார்ப்பதென மற்றக் குடும்பம் ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகளுக்குப் பின், 2011இல் இச்செய்தி நாளிதழில் வெளியானபோது மக்கள் கொதித்தெழுந்தனர். வந்தவர்க்காக, அந்நாட்டின் பொது உணவாகிவிட்ட குழம்பை மறைத்துச் சமைப்பதா என வினவினர். ஆகஸ்ட் 21 அன்று எல்லா வீடுகளிலும் குழம்பு வைக்க விடுக்கப்பட்ட அழைப்பை 50,000-க்கும் மேற்பட்டோர் இணையவழி ஆதரித்தனர்.

விட்டுக்கொடுத்தல் ஒருபக்கமாகச் சாய்ந்ததாக மக்கள் கருதியதில் நியாயம் உண்டு. ஆயினும், ஒரு வாயிலைப் பகிர்ந்து வாழ வேண்டியவர்கள் அவ்விரு குடும்பத்தாரே. வெல்ல முயலாமல் அவர்கள் ஓர் உடன்பாட்டை நாடினர். அதிலும், சுவைத்துப் பார்க்குமாறு விடுத்த வேண்டுகோள் ஆழமானது. மணத்தை வெறுத்தவரை அது உணவுக்கு அறிமுகம் செய்தது.

அயலகம் செல்வோர்க்கு

குடியேறும் ஊரின் அமைதி நேரத்தை முதலில் அறிதல் வேண்டும். தளத்தில் விரிப்பு இடுதல், அரைக்கும் கருவிக்கு அடியில் தடித்த துணி வைத்தல், விழா நாளை அண்டை வீட்டாருக்கு முன்னரே தெரிவித்தல் ஆகியன எளியவை, பயன்மிக்கவை.

பிறர் எழுப்பும் இரைச்சலை அயலகத்தார் என்பதற்காக வாய்மூடிப் பொறுக்க வேண்டியதில்லை. அடக்கிய சினம் ஒருநாள் வெடிக்கும். முதலில் கனிவாக நேரில் பேசலாம். பயனில்லையெனில் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து வீட்டு உரிமையாளரிடமோ சமரச அமைப்பிடமோ முறையிடலாம். இறுதியாகச் சட்டத்தை நாடலாம்.

சட்டம் ஒலியின் எல்லையை வகுக்கும். அவ்வெல்லைக்குள் இணங்கி வாழ்வதற்கு அறிமுகமே துணைபுரியும். பெயர் தெரிந்த குழந்தையின் ஓட்டம் கூரையில் ஒலிக்கும்போது, கீழ்வீட்டாரின் காதில் இரைச்சலோடு அக்குழந்தையின் முகமும் சேர்ந்தே தோன்றும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் தெருவில் எழும் ஒலிகளைப் பட்டியலிட்டு, அவை எவர்க்கு மகிழ்ச்சியும் எவர்க்கு இடையூறும் தருகின்றன எனக் கலந்துரையாடுக.
2. "புதிய ஊரில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் வந்தவரா, இருந்தவரா?" என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. உங்கள் இல்ல விழா குறித்து அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்பு மடல் ஒன்று எழுதுக.