சித்தூர் மண்ணும் நவீனக் கவிதையும்: மூன்று தவறான நம்பிக்கைகள்

கவிதையைப் படித்து அறிவதைவிட, அதைப் பற்றிக் கேட்டதை நம்புவது நமக்கு எளிதாகிவிட்டது. சித்தூர், திருப்பதிப் பகுதியில் வாய்வழியாகப் பரவி நிலைத்துவிட்ட மூன்று கருத்துகளையாவது நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 1: இவ்வட்டாரத்துக்குப் பக்திப் பாடல் மட்டுமே உண்டு, நவீனக் கவிதை இல்லை.

திருப்பதிப் பெருமாளைப் பாடிய அன்னமாச்சாரியாரின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880இல் பிறந்த ராமலிங்க ரெட்டி, சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோதே 1899இல் ‘முசலம்மா மரணம்’ என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். உடையவிருந்த ஏரிக்கரையைக் காக்க உயிர்கொடுத்த குடியானவர் வீட்டு மருமகளே அதன் தலைவி, அரசகுமாரி அல்லள். சுபமாக முடியவேண்டும் என்ற காவிய மரபையும் அவர் மீறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் என்று மட்டுமே அவரை நினைவில் வைத்தோம், கவிஞரை இழந்தோம்.

நம்பிக்கை 2: யாப்பை உதறினால்தான் நவீனக் கவிதை.

‘முசலம்மா மரணம்’ மரபு யாப்பில் அமைந்தது. புதுமை அதன் பொருளில் இருந்தது. தெலுங்குக் கவிஞர் குரஜாட அப்பாராவ் 1910இல் ‘முத்யால சரமுலு’ வழியாகப் புதிய சந்தத்தையே உருவாக்கினார். 1950இல் நூலான, மற்றொரு தெலுங்குக் கவிஞர் ஸ்ரீஸ்ரீயின் ‘மகாபிரஸ்தானம்’ உழைப்பாளரைப் பாடியபோதும் தாளத்தைக் கைவிடவில்லை. நம் பாரதி மரபு யாப்பிலும் எழுதினார், வசன கவிதையும் எழுதினார். அச்சில் தெரியும் வடிவத்தைக் கொண்டே கவிதையை அடையாளம் காணப் பழகியதால் இப்பிழை நீடிக்கிறது. விளைவு, உரைநடையை மடக்கிப்போட்டு இளைஞர்கள் கவிதை என்கிறார்கள்.

நம்பிக்கை 3: தாகூர் நாட்டுப்பண்ணை மதனப்பள்ளியில் இயற்றினார்.

அப்பாடல் 1911 டிசம்பர் 27 அன்றே கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்டுவிட்டது. பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு 1919 பிப்ரவரியில் வந்த தாகூர், அங்கே பிரம்மஞான சபையினரின் கல்லூரியில் தங்கி அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அக்கல்லூரி முதல்வரின் மனைவி மார்கரெட் கசின்ஸ் இசைக்குறிப்பு எழுத உதவினார். ஊர்ப்பற்றுதான் மொழிபெயர்ப்பை இயற்றலாக மாற்றியது. உண்மையே போதிய பெருமை தரும்போது பொய்ப்பெருமை எதற்கு? அது தவறென்று தெரியும் நாளில் உண்மையையும் சேர்த்தே மக்கள் சந்தேகிப்பார்கள்.

வரும் சுதந்திர தின மேடையில் நாட்டுப்பண்ணின் சரியான ஆண்டைச் சொல்வோம். நம் பள்ளிகளில் ஒரு வகுப்பாவது கட்டமஞ்சியாரின் கவிதையை வாசிக்கச் செய்வோம்.