மாலை போடுவதற்கு முன் யார்டுக்குப் போங்கள்

டெலிவரி நாளில் ஷோரூமில் நடப்பது பரிசோதனை அல்ல, விசேஷம். வண்டிக்கு ரிப்பன் கட்டியிருக்கும், கேக் வந்திருக்கும். நான்கு டயர்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, நல்ல நேரம் முடிவதற்குள் கிளப்பச் சொல்லி வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். அந்த நேரத்தில் குனிந்து கதவு விளிம்பைத் தடவிப் பார்க்கிறவரை யாரும் ரசிக்க மாட்டார்கள். பார்த்தாலும் பெரிதாகப் பயனில்லை. அதற்குள் சாலை வரி கட்டி, வண்டி அவர் பெயரில் பதிவாகியிருக்கும். பதிவான வண்டியை மாற்றித் தர எந்த ஷோரூமும் எளிதில் முன்வராது. சரிசெய்து தருவதாகச் சொல்லும், அவ்வளவுதான்.

கோவையில் சிறிய ஒர்க்‌ஷாப் நடத்தும் ஒருவர் இதைப் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். சொந்தத்திலும் தெருவிலும் யார் கார் வாங்கினாலும் துணைக்குக் கூப்பிடுவது அவரைத்தான். எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. ஆனால் ஷோரூமுக்கு வரமாட்டார். “அங்க வந்து நான் என்னங்க பண்றது, காபி குடிக்கவா? யார்டு எங்க இருக்குன்னு கேளுங்க தம்பி, அங்க போலாம்” என்பார். டெலிவரிக்கு முன் வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம்தான் யார்டு.

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன், இன்வாய்ஸ் போடுவதற்கு முன், ஒதுக்கப்பட்ட வண்டியின் சேசிஸ் நம்பரை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் முதல் விதி. இரண்டாவது, வண்டியைப் பகலில், திறந்த வெளியில், ஈரமில்லாமல் பார்ப்பது. தண்ணீர் ஊற்றிக் கழுவிய கையோடு காட்டினால் மெல்லிய கீறல்கள் மறைந்துவிடும். பட்டுப்புடவையைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிற வீடுகளில்கூட, பத்து லட்ச ரூபாய் வண்டியைக் குழல்விளக்கின் கீழே பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள்.

சேசிஸ் நம்பரில் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். அதில் தயாரித்த ஆண்டைப் பல நிறுவனங்கள் பத்தாவது இடத்தில் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கின்றன: 2024 என்றால் ஆர், 2025 என்றால் எஸ். மாதம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை விற்பனையாளரிடமே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடலாம். தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு தனிக் காரணம் உண்டு. மார்கழியில் வண்டி எடுக்க வேண்டாம் என்று தை பிறக்கும் வரை காத்திருப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு ஜனவரி நடுவில் கைக்கு வருகிற வண்டி பெரும்பாலும் முந்தைய ஆண்டின் தயாரிப்பு. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சாகும். விற்கும்போது வயதை அங்கிருந்துதான் எண்ணுவார்கள். முந்தைய ஆண்டின் வண்டியை வாங்குவது தப்பில்லை, விலையைக் குறைத்துத் தந்தால். ஆடியைப் பொறுத்தவரை அண்ணாவின் யோசனை வேறு: தள்ளுபடி கிடைக்கிற அந்த மாதத்தில் பேரம் பேசி, யார்டில் வண்டியையும் பார்த்து வைத்துவிட்டு, ஆவணி முதல் வாரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வீண் சந்தேகம் என்பவர்களுக்குக் கோவா வழக்கு ஒன்று இருக்கிறது. 2011-இல் புதிய கார் வாங்கிய ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது 2009-இல் தயாரான வண்டி. ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்தது, அடிப்பாகத்தில் துரு, முன்கண்ணாடியில் கீறல். நுகர்வோர் மன்றங்கள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆனால் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், டீலர் செய்தது தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும் என்று நிரூபிக்காத நிலையில் நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லிவிட்டது. பத்தாண்டு வழக்கு அது. ஓடோமீட்டரைப் பார்க்கச் சில நொடிகள் போதும். யார்டிலிருந்து ஷோரூமுக்கு ஓட்டி வந்த கணக்காகச் சில பத்து கிலோமீட்டர் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் டெஸ்ட் டிரைவுக்கு ஓடிய வண்டியா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அண்ணா அதிக நேரம் செலவழிப்பது பெயின்டில். தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏற்றி இறக்கும்போதும், நெருக்கமான யார்டில் நகர்த்தும்போதும் வண்டிகள் உரசுவது சகஜம். உள்ளூரிலேயே டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டு நிறுத்திவிடுவதும் உண்டு. அவர் முன்சக்கரத்துக்கு அருகே உட்கார்ந்து, வண்டியின் பக்கவாட்டை நீளவாக்கில் ஒரு கண்ணால் பார்ப்பார். ஒரே நேர்கோட்டில் வரவேண்டிய பிரதிபலிப்பு எங்காவது நெளிந்தால் விரல் அங்கே போகும். பிறகு பேனட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பார்ப்பார். ஸ்பேனர் பட்டு அவற்றின் மேலுள்ள பெயின்ட் உரிந்திருந்தால், பேனட்டையோ ஃபெண்டரையோ யாரோ கழற்றியிருக்கிறார்கள். ரப்பர் பீடிங்கின் ஓரத்தில் பெயின்ட் துளி சிதறியிருப்பதும் அதே கதைதான். எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்.

பேனட்டைத் திறந்ததும் எலிப் புழுக்கையையும் தேட வேண்டும். சிரிக்க வேண்டாம். புதர் மண்டிய யார்டில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் வயரிங் எலிக்கு நல்ல தீனி.

வெள்ளம் இன்னொரு கவலை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழைக்காலம் முடிந்து வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்க்கட்டும். மூழ்கிய வண்டியென்றால் கடைசி அடியில் சேற்றுக்கோடு தங்கியிருக்கும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே ஈரமோ மண்ணோ இருந்தாலும் வேறு வண்டி கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. வண்டி தயாரான தேதிக்குப் பிறகு டயர் பிறந்திருந்தால் அது மாற்றப்பட்டது என்று பொருள். ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ஜாக்கி, ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, இரண்டாவது சாவி ஆகியவற்றையும் கையில் எடுத்துப் பார்ப்பதே நல்லது.

மற்றவை சீக்கிரம் முடியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்வது, எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைகின்றனவா என்று பார்ப்பது, ஏ.சி., வைப்பர், நான்கு கண்ணாடிகள், ரிவர்ஸ் கேமரா. கூடவே ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கைப் பார்த்துச் சொன்னால் போதும்.

காகிதத்தில் போகும் பணம் தனி. இன்ஷூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டமில்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் பேசினால் தொகை இறங்கும். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு என்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம், அதில் பேரமில்லை. விலை பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பச் சேர்கிற பணம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடிப்பாகக் கோட்டிங், டெஃப்லான், சீட் கவர் எல்லாம் நம் விருப்பம். வயரை வெட்டிப் பொருத்தும் விளக்கோ ஹாரனோ வாரன்டியைப் பாதிக்கக்கூடும்.

குறை ஏதாவது தென்பட்டால், “அடுத்த வாரம் கொண்டு வாங்க சார், பார்த்துக்கலாம்” என்ற பேச்சை அண்ணா காதில் வாங்குவதில்லை. டெலிவரி நோட்டில் அதை எழுதி, மேலாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிய பிறகே தன் ஆளைக் கையெழுத்துப் போடச் சொல்வார். அப்புறம் பெட்ரோல். ஷோரூமில் ஊற்றித் தருவது பெரும்பாலும் பக்கத்து பங்க் வரை போகத்தான் காணும். போக்குவரத்துக்காக டயரில் காற்றைக் கூடுதலாக அடைத்திருப்பார்கள், அதனால் அதே பங்க்கில், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துக் காற்றையும் சரிசெய்துவிடலாம்.