குளிரில் முதல் வெடி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதமும் இலக்குத் தாளின் படமும் கிடைத்தன. செப்ரெம்பரில் 100 மீற்றரில் சுட்ட ஐந்து வெடியும் ஒரு இரண்டு டொலர் குற்றிக்குள் அடங்கின என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் மைனஸ் 25 பாகையில் அதே துவக்கு, அதே தோட்டா, அதே 100 மீற்றர். வெடிகள் உள்ளங்கை அளவுக்குச் சிதறிவிட்டன. ஒரு தடவை விசையை இழுத்தும் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. “குழலை மாற்றவா மாமா?” என்று கேட்கிறாய்.

மாற்றாதே. கடையில் வாங்கிய துவக்குத்தான், ஆனால் கோடையில் அப்படிச் சுட்ட குழலில் பிழை இருக்காது. நீ அதைச் சூடான அறையில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, வேறொரு உலகத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டிருக்கிறாய். குளிருக்கான துவக்கைக் குளிரில்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தேன். செப்ரெம்பர் தாளில் துளைகள் வட்டம். ஜனவரி தாளில் மூன்று துளைகள் சற்று நீண்டு, முட்டை வடிவத்தில் இருக்கின்றன. சன்னம் மூக்கை முன்னே நீட்டிப் போகாமல் ஆடிக்கொண்டு போயிருக்கிறது. சிதறலுக்குப் பெரிய காரணம் அதுதான்.

குழலுக்குள் வெட்டியிருக்கும் புரிதான் சன்னத்தைச் சுழற்றுகிறது. பம்பரம் போல அந்தச் சுழற்சியே அதை நேராக நிறுத்துகிறது. சன்னம் நீளமாக நீளமாகக் கூடுதல் சுழற்சி வேண்டும். காற்று அடர்ந்தாலும் கூடுதல் சுழற்சி வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். பாகை 25இல் இருந்து மைனஸ் 25க்கு இறங்கும்போது, அதே காற்றழுத்தத்தில், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. உன் .223 குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரி என்று எழுதியிருந்தாய். நீ போடுவது 64 கிறெயின் நீளச் சன்னம். கோடையில் அது மயிரிழையில் நேராக நின்றது. குளிர்காலக் காற்று அந்த மயிரிழையையும் எடுத்துவிட்டது. 50, 55 கிறெயின் சன்னத்துக்கு மாறு. அந்தப் புரி அவற்றுக்கென்றே வெட்டப்பட்டது.

புரியின் அளவை விளம்பரத் தாளை நம்பி வைத்துக்கொள்ளாதே, நீயே அளந்து பார். துவக்கு வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துவிட்டு போல்ட்டைக் கழற்று. பிடி தானாகச் சுழலும் துடைகம்பியின் நுனியில் இறுக்கமான துணியைச் சுற்றி உள்ளே தள்ளு. கம்பியில் ஒரு பேனாப் புள்ளி வை. அந்தப் புள்ளி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேலே வரும்வரை கம்பி எத்தனை அங்குலம் உள்ளே போயிருக்கிறதோ, அதுதான் உன் புரி.

உன்னுடையது போன்ற, சிறு மிருகங்களுக்கான துவக்கு வகையை வளர்த்தவர்களில் ரெமிங்டன் பொறியியலாளர் மைக் வோக்கர் முக்கியமானவர். அவரே மேசையில் வைத்துச் சுடும் துல்லியப் போட்டிகளில் சுட்டவர். 1950இல் வந்த .222 தோட்டா அவர் வடிவமைத்தது. அதை நீட்டிப் பிறந்ததுதான் உன் .223. அந்தக் குடும்பத்துத் தோட்டா நூறு மீற்றரில் குற்றிக்குள் அடங்குவது அதிசயமில்லை. அடங்காவிட்டால்தான் காரணம் தேட வேண்டும்.

இனி அந்த ‘டிக்’. எனக்கும் என் முதல் குளிர்காலத்தில் இதே நடந்தது. வேலியோரம் பனியில் படுத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். நரி போன்ற கயோட்டி ஒன்று வந்து குறுக்கே நின்றது. இழுத்தேன். ‘டிக்.’ அது திரும்பி என்னைப் பார்த்துவிட்டு நடந்து போனது. வீட்டில் போல்ட்டைப் பிரித்தபோது ஊசியைச் சுற்றியும் சுருள் வில்லைச் சுற்றியும் தேன் மாதிரி எண்ணெய் தடித்துக் கிடந்தது. துருப் பிடிக்கக் கூடாதென்று நானே தாராளமாக விட்ட எண்ணெய்தான். குளிரில் அது ஊசியின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. அடி பலவீனமானால் சில தோட்டா வெடிக்காது; வெடிப்பவையும் ஒரே மாதிரி வெடிக்காது, வேகம் கூடியும் குறைந்தும் வெடிகள் மேலும் கீழுமாக விழும். ஆகவே போல்ட்டைப் பிரித்துக் கரைப்பானால் கழுவு, நன்றாக உலரவிடு. உள்ளே எண்ணெய் வேண்டாம். போல்ட்டின் பூட்டுப் பற்களில் மட்டும் குளிருக்கென்று விற்கும் மசகைத் துளியளவு தடவு. விசைப் பெட்டிக்குள் எதையும் ஊற்றாதே. இன்னொன்று: வெடிக்காமல் போனால் உடனே போல்ட்டைத் திறக்காதே. குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடமாவது பொறு. பிந்தி வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

அடுத்தது திருகாணிகள். இரும்பை விட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், பிளாஸ்டிக் இன்னும் பல மடங்கு. இரும்புத் துவக்குடலைப் பிளாஸ்டிக் பிடங்கோடு பிணைக்கும் திருகாணிகளை நீ வீட்டுச் சூட்டில் இறுக்கியிருப்பாய். வெளியே போனதும் பிடங்கு சுருங்குகிறது, திருகாணியின் பிடி தளர்கிறது. தோட்டா இல்லாத துவக்கை ஒரு மணி நேரம் வெளிக் கொட்டிலில் வைத்துவிட்டு, அந்தக் குளிரிலேயே டோர்க் திருப்புளியால் சரிபார். எவ்வளவு இறுக்குவது என்பது பிடங்குக்குப் பிடங்கு வேறுபடும். உன் துவக்கோடு வந்த கையேட்டில் உள்ள எண்ணைத் தாண்டாதே. அங்கேயே ஐந்து டொலர் தாள் ஒன்றைக் குழலுக்கும் பிடங்குக்கும் இடையில் நுழைத்து, தோட்டா அறைவரை இழுத்துப் பார். வீட்டில் தடையில்லாமல் ஓடிய தாள் குளிரில் எங்காவது சிக்கினால், பிடங்கு வளைந்து குழலைத் தொடுகிறது. தொடும் இடத்தை மணல்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். கவடு வைத்துச் சுடும்போது மெல்லிய பிளாஸ்டிக் பிடங்கு மேலும் வளையும் என்பதால், கவட்டில் வைத்தும் ஒருமுறை தாளை ஓட்டு.

ஸ்கோப் தாங்கிகளையும் இதே குளிரில் பார். ஏவுபொருட்களின் பறப்பை ஆராய்ந்த ஹரோல்ட் வோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், துவக்கின் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்து நூல் எழுதியவர். ஸ்கோப்பும் தாங்கியும் கண்ணுக்குத் தெரியாமல் நகர்வதும் அவர் காட்டிய பிழைகளில் ஒன்று.

வெடிகள் கீழே விழுந்ததைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதில் துவக்கின் குற்றம் எதுவும் இல்லை. குளிர்ந்த மருந்து மெதுவாக எரிகிறது, அடர்ந்த காற்று சன்னத்தைப் பிடித்து இழுக்கிறது. என் கணக்கில் 55 கிறெயின் சன்னம் கோடையில் விழும் இடத்துக்கும் கடுங்குளிரில் விழும் இடத்துக்கும் 100 மீற்றரில் வித்தியாசம் சில மில்லிமீற்றர்தான். 300 மீற்றரில் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்குப் போகும். தோட்டாவை உடுப்புக்குள் சூடாக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. உள்ளே இருந்து எடுத்த தோட்டா ஒரு வேகம், துவக்கின் தோட்டா அறைக்குள் கிடந்து குளிர்ந்தது இன்னொரு வேகம். எல்லாவற்றையும் வெளிச் சட்டைப்பையில் வை, துவக்கோடு சேர்ந்து குளிரட்டும். ஒரே தொகுதி எண் உள்ள பெட்டிகளாக வாங்கு.

இப்போது நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. கோடையில் கோஃபர் அணிலுக்குச் சுடும்போது குழல் சூடாகிவிடும், பத்தில் ஒன்று தவறினால் மண்தான் பறக்கும். கோஃபர் குளிர்காலத்தை வளைக்குள் உறங்கிக் கழிக்கிறது. கயோட்டி உறங்குவதில்லை. உன் பக்கத்துப் பண்ணைக்காரருடைய ஆட்டுக்குட்டிகளைத் தேடி வரும் கயோட்டி உனக்கு ஒரு வெடிக்குத்தான் நிற்கும், அதுவும் உறைந்த குழலில் இருந்து. அந்த வெடி வயிற்றில் பட்டால் அந்த உயிர் இரவு முழுவதும் பனியில் கிடந்து சாகும். அதை நான் ஒரு தடவை கண்டிருக்கிறேன். ஆகவே ஐந்து வெடி ஒன்றாக விழுவதைப் பார்த்து மகிழ்ந்தால் போதாது. முதல் வெடி எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு வழி: ஒரே தாளை ஐந்து காலைகள் பயன்படுத்து. ஒவ்வொரு காலையும் ஒரு மணி நேரம் வெளியே குளிர்ந்த துவக்கால் ஒரே ஒரு வெடி. துளைக்குப் பக்கத்தில் திகதியும் பாகையும் எழுது. நடுவில் குழலைக் கழுவாதே. எண்ணெய் பூசிய சுத்தமான குழலின் முதல் வெடி பெரும்பாலும் தனியாகப் போய் விழும். லெத்பிரிட்ஜில் உங்களுக்குச் சினூக் காற்று உண்டு, சில மணி நேரத்தில் வெப்பநிலை இருந்ததைவிட இருபது பாகை கூடிவிடக்கூடும். அந்த நாளையும் விட்டுவிடாமல் சுட்டு எழுதிக்கொள். மேலே சொன்ன திருத்தங்களை ஒரே நாளில் செய்யாதே. முதலில் போல்ட், பிறகு திருகாணி, பிறகு சன்னம். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் துவக்கை உறைக்குள்ளேயே விடு. தோட்டா எடுத்தாயிற்றா என்று வெளியிலேயே பார்த்துவிடு. உறையில் இருந்து உடனே எடுத்தால் வீட்டு ஈரம் முழுவதும் இரும்பில் வேர்க்கும்; மறுநாள் வெளியே போனதும் அது விசைக்குள் பனிக்கட்டியாகும். வெளியே போகும்போது குழல் வாயில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டு. பனி அடைத்த குழலால் சுட்டால் குழல் பிளக்கலாம். விசையை இலகுவாக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் கேளாதே: தடித்த கையுறைக்குள் விறைத்த விரலுக்கு இலகு விசை ஆபத்து. உறைந்த நிலத்தில் சன்னம் தெறித்துத் திசைமாறும், ஆகவே பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே வேண்டாம்.

உன் அப்பப்பா வன்னியில் பன்றிக்குக் காவல் இருந்த காலத்தில் அவரிடம் இருந்தது ஒரு இடியன் துவக்கு. ஒரு வெடி, பிறகு மறுபடி மருந்து இடிக்க வேண்டும். மழைக் காலத்தில் மருந்தை நெஞ்சோடு துணியில் முடிந்து வைத்திருப்பாராம். பனி அவருக்குத் தெரியாது, முதல் வெடியின் பெறுமதி தெரியும்.

55 கிறெயின் தோட்டா ஒரு பெட்டி வாங்கு. ஐந்தாவது காலை முடிந்ததும் அந்தத் தாளைப் படம் எடுக்காமல், தாளையே தபாலில் அனுப்பு. துளைகள் வட்டமா என்று நான் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா