நைட்ரோ எஞ்சினைக் குளிரக் குளிரப் பழக்கலாமா?

புதிய நைட்ரோ ரிமோட் கார் எஞ்சினைக் கையால் சுழற்றினால், பிஸ்டன் உச்சிக்குப் போனதும் இறுகி நிற்கும். இது பழுதல்ல, வடிவமைப்பே அப்படித்தான். பெரும்பாலான இந்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவுக்குள் அலுமினிய பிஸ்டன் நேரடியாக ஏறி இறங்குகிறது. ஸ்லீவின் மேல்பகுதி சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். எஞ்சின் சூடேறிய பிறகுதான் அது விரிந்து பிஸ்டனுக்கு அளவாகப் பொருந்தும்.

இருந்தும் புது எஞ்சினைப் பழக்குவது பற்றி ஒரு நம்பிக்கை சாக மறுக்கிறது: எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் நீடிலைத் தாராளமாகத் திறந்து, வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முதல் சில டேங்க் எரிபொருளைச் சூடேறாமல் ஐட்லிங்கிலேயே தீர்க்க வேண்டுமாம். எஞ்சினைக் காப்பதாக எண்ணிச் செய்யும் இந்தச் சடங்குதான் அதன் ஆயுளைக் குறைக்கிறது. நைட்ரோ எரிபொருளில் உள்ள மெத்தனால் ஆவியாகும்போது நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கலவை மிதமிஞ்சி ரிச்சானால், அதாவது எரிபொருள் அளவுக்கு மீறினால், எஞ்சினில் சூடே பிடிக்காது, ஸ்லீவும் விரியாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை பிஸ்டன் அந்தக் குறுகலில் போய் முட்டும். தேய வேண்டிய நுண்ணிய மேடுகளோடு, தேயவே கூடாத இறுக்கமும் தேய்ந்துபோகும். கனெக்டிங் ராடும் ஒவ்வொரு சுற்றிலும் வதைபடும். பிறகு கம்ப்ரஷன் இல்லை, சூடானால் நின்றுபோகிறது என்று தயாரித்தவனைத் திட்டுவதில் என்ன நியாயம்?

இரும்பு பிஸ்டனோ வளையமோ கொண்ட பழைய மாதிரி விமான எஞ்சின்களுக்கு ரிச்சான, குளிர்ந்த ஓட்டம் பொருந்தியது. அந்தப் பாடத்தை இந்த எஞ்சின்களுக்கும் ஓதுவதே தவறின் வேர்.

சரியான முறையில் மர்மம் ஏதுமில்லை. ஹேர் டிரையரால் ஹெட்டை நன்றாகச் சூடாக்கிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கலவை கொஞ்சம் மட்டும் ரிச்சாக இருக்கலாம். ஹெட்டின் வெப்பம் 95 முதல் 105 டிகிரி செல்சியஸில் நிற்கும்படி, வண்டியைத் தரையில் விட்டு, திராட்டிலை ஏற்றி இறக்கிச் சில நிமிடங்கள் ஓட்ட வேண்டும். நிறுத்தியதும் ஃப்ளைவீலைத் திருப்பி பிஸ்டனைக் கீழே இறக்கிவிட வேண்டும். இல்லையேல் குளிரும் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும். முழுதும் ஆறிய பின் அடுத்த சுற்று. ரிமோட் கார் நிறுவனமான டிராக்சாஸின் கையேடும் ஐந்து டேங்கை வண்டியை ஓட்டியே தீர்க்கச் சொல்கிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. இறுக்கத்தைத் தளர்த்த பிஸ்டனை உப்புத்தாளால் தேய்ப்பது சுத்த மடத்தனம். பழக்குவதற்கென நைட்ரோ குறைந்த எரிபொருள் வாங்குவதும் வீண். பின்னால் எதில் ஓடுமோ அதிலேயே பழக்கலாம். ஹெட்டில் எச்சில் தொட்டு வெப்பம் பார்ப்பதைவிட அகச்சிவப்பு வெப்பமானி நம்பகமானது. ஓட்டம் முடிந்ததும் மிச்ச எரிபொருளை எரித்துத் தீர்த்து, ஆஃப்டர்-ரன் எண்ணெய் விடுவது மட்டும் மூடநம்பிக்கையல்ல: மெத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பேரிங் துருப்பிடிக்கும்.

இத்தனை வாதாடுபவர்கள் ஏர் ஃபில்டரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பழக்கியது எவ்வளவு நேர்த்தியானாலும், எண்ணெய் தடவாத ஃபோம் வழியே நுழையும் புழுதி பிஸ்டனையும் ஸ்லீவையும் அரைத்துவிடும். ஃபோமை அடிக்கடி கழுவி, உலர்த்தி, ஃபில்டர் எண்ணெயில் பிசைந்து மாட்ட வேண்டும். ஃபில்டரின் கழுத்து கார்புரேட்டரோடு சேருமிடத்தில் ஒரு கேபிள் டையும் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும்.